உறங்கும் இடம்: ஹால் சோபா

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஹால்ல படுத்துக்கறீங்களா? விடிஞ்சா பிள்ளைங்களுக்குப் போட்டி. நான் நாலரைக்கு எழுந்திரிக்கணும்."

"ஒரு நாள் என்ன, எத்தனை நாள் வேணும்னாலும் படுத்துக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இது. மொத்தப் பேச்சே இவ்வளவுதான். அவள் நீச்சல் டீச்சர். அவன் மெத்தைக்கடையில் விற்பனையாளன். குறட்டை அவனுடையது.

போட்டி முடிந்தது. அவளிடம் நீச்சல் பழகும் பிள்ளைகள் நாலு மெடலோடு வந்தார்கள். அவள் உள்ளே கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான். கூப்பிடவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது, கெடுப்பானேன் என்று சோபாவிலேயே இன்னொரு நாள் படுத்தான். அந்த இன்னொரு நாளுக்கு இப்போது இரண்டு வயது.

கேட்டுவிடலாம் என்று பல தடவை படுக்கையறை வாசல்வரை போயிருக்கிறான். "என்னங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல, சார்ஜர்" என்பான். இப்படியே ஹாலில் நாலு சார்ஜர் சேர்ந்துவிட்டன. வீட்டில் இருந்த போன்கள் இரண்டுதான்.

பகலெல்லாம் கடையில் நின்று, "சார், கூச்சப்படாம மல்லாந்து படுங்க. கால நீட்டுங்க. இதுல படுத்துட்டா மனுஷன் வேற எங்கயும் படுக்க மாட்டான்" என்று ஊருக்கெல்லாம் மெத்தை விற்பான். வீட்டுக்கு வந்து, முழங்காலை மடக்கி, அவனைவிட ஒரு முழம் குட்டையான சோபாவில் சுருண்டுகொள்வான்.

அப்படி இருக்கும்போதுதான் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது இல்லப் புகை எச்சரிக்கை ஒருங்கிணைப்பு ஆணையம். எல்லா வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட ஸ்மோக் டிடெக்டர்கள் பொருத்தப்பட வேண்டும்; ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்க வேண்டும்; மாத முடிவுக்குள் சான்றிதழ் பெறாத வீடுகளின் மின் இணைப்பு துண்டிக்கப்படும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு டிடெக்டர் எப்படி ஒலிக்கும் என்று அவன் போனில் கேட்டான். அது வேறு பிரிவு என்று பதில் வந்தது.

நல்லவேளை, சொந்தத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தான். அவள் தம்பி. நாற்பது வயது, வாய் மட்டும் அறுபது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியோடு வந்து இறங்கினான்.

"மாமா, இங்க பாருங்க. கரண்டுக்கு ரெண்டு வயர். இந்த மூணாவது வயர் இருக்கே, இதுதான் ராஜா. இதுல சேதிதான் ஓடும். அடுப்படில ஒருத்தன் கத்தினா பெட்ரூம்ல இருக்கறவனுக்கும் தெரிஞ்சு அவனும் கத்துவான். மூணாவது வயர் இல்லேன்னு வைங்க, எல்லாத்துக்கும் கரண்டு வரும், பச்சை லைட் எரியும், பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒருத்தன் எரிஞ்சாலும் பக்கத்து ரூம்ல இருக்கறவனுக்குத் தெரியாது."

"அப்படியே விட்டாலும் வீடு ஓடுமில்ல மச்சான்?"

"ஓடும். தீப்பிடிக்கற வரைக்கும்."

ஹால், நடை, படுக்கையறை, இஸ்திரி போடும் சின்ன அறை, சமையலறை வாசல் என்று ஐந்து இடம். சீலிங் குழாய்க்குள் ஸ்பிரிங்கை விட்டு, மறுமுனையில் வயரைக் கட்டி இழுத்தான் மச்சான். நடையில் வயர் சிக்கிக்கொண்டது. "மாமா, நீங்க அந்தப் பக்கம் தள்ளுங்க, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன். மெதுவா! மெத்தை உறை மாட்டற மாதிரி நினைச்சுக்கங்க." அது அவனுக்குப் புரிந்தது. வயர் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஹாலில் துளை போடப் போனபோது அவள் கையில் துடைப்பத்தோடு வந்தாள். "டேய், சோபாவுக்கு நேர் மேல வைக்காத. அவர் காதுல போய்க் கத்தும்."

"கத்தத்தானேக்கா வைக்கறோம்? ஆமா, மாமா இன்னும் சோபாலதான் படுக்கறாரா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சிமெண்ட் தூளைக் கூட்டினாள். "அவருக்கு அதுதான் வசதியா இருக்காம்."

மச்சான் ஏணி மேலிருந்து அவனைப் பார்த்தான். மைத்துனன் முன்னால் மறுத்துப் பேசினால் அவள் முகம் என்னாகும் என்று நினைத்த அவன், "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றான். சோபாவின் ஸ்பிரிங் ஒன்று அவன் சார்பாக முனகியது.

சாயங்காலம் மச்சான் சமையலறை வாசலில் இருந்த டிடெக்டரின் பட்டனை அழுத்தினான். ஐந்தும் ஒரே குரலில் கத்தின. பக்கத்து வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தது. வேலை முடிந்தது என்று மூவரும் நினைத்தார்கள்.

வேலை முடிந்தது. விண்ணப்பம் பாக்கி இருந்தது.

பதினொரு பக்கம். அதில் நாலாம் பக்கத்தில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து இருந்தன. 'படுக்கை அறைகள் எத்தனை?' ஒன்று என்று எழுதினான். 'உறங்கும் இடங்கள் எத்தனை?' இங்கே வேறு எவனாக இருந்தாலும் மறுபடி ஒன்று என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். மெத்தைக்கடைக்காரன் அப்படிப்பட்டவன் இல்லை. படுக்கை வேறு, உறக்கம் வேறு என்று பதினைந்து வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு விளக்கி வருபவன். யோசித்து, 'இரண்டு' என்று எழுதினான். விவரம் கேட்ட இடத்தில், 'ஒன்று: கட்டில், மனைவி. இரண்டு: ஹால் சோபா, நான்' என்று அழகான கையெழுத்தில் நிரப்பினான்.

ஆணையத்தின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. மச்சானும் கூட வந்தான். ஒரே நீள அறை. அதைப் பீரோக்களை வைத்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: கம்பிப் பிரிவு, கருவிப் பிரிவு, உறக்கப் பிரிவு. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் போக வேண்டுமென்றால் கீழே தபால் அறைக்குப் போய், முத்திரை வாங்கி, மறுபடி மேலே வர வேண்டும். பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் தும்மினார். அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"மாமா," என்று மச்சான் காதோடு சொன்னான், "இவங்களுக்கு மூணாவது வயர் இழுக்கணும்."

கம்பிப் பிரிவில் மூன்றாவது வயர் சிவப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். கருவிப் பிரிவில் மஞ்சளாக இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் தத்தம் சுற்றறிக்கையைக் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே கையெழுத்து. மச்சான் அசரவில்லை. "சார், அந்த முனையில சிவப்பு டேப், இந்த முனையில மஞ்சள் டேப் சுத்திடறேன். நீங்க உங்க முனைய மட்டும் பாருங்க" என்றான். இரண்டு பிரிவும் தனித்தனியே ஒப்புக்கொண்டன. மறுபிரிவு தோற்றதில் இரண்டுக்கும் மகிழ்ச்சி.

உறக்கப் பிரிவு அலுவலர் வட்ட முகமும் பளபளக்கும் நெற்றியுமாக, பார்த்தாலே கொட்டாவி வரும்படி அமைதியாக இருந்தார். அவர் தலைக்கு மேலே சீலிங்கில் ஒரு டிடெக்டர். அதைப் பாலிதீன் பையால் மூடி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"சார், அது மூடியிருக்கே?" என்றான் மெத்தைக்காரன்.

"பின்னே? திறந்து வச்சா கத்திடும். கத்தினா வேலை பாக்க முடியுமா?" என்றார் அலுவலர். "இந்த ஆபீஸ் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட இங்க அலாரம் அடிச்சதில்ல. பாதுகாப்புன்னா என்னன்னு எங்களப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

பிறகு நாலாம் பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உறங்குபவர் ரெண்டு. உறங்கும் இடம் ரெண்டு. ஆனா படுக்கை அறை ஒண்ணு."

"ஆமா சார்."

"அப்போ உங்க ஹால் ஹால் இல்ல. உறங்கும் இடம். உறங்கும் இடத்துக்குக் கதவு இருக்கணும், தூங்கும்போது கதவ மூடியிருக்கணும். விதி பதினாலு. புகை வந்தா கதவுதான் தடுக்கும். உங்க ஹாலுக்குக் கதவு உண்டா?"

"ஹாலுக்கு ஏது சார் கதவு?"

"வைங்க. ஆனா வச்சா அது அறை ஆயிடும். அப்புறம் உங்க வீட்டுல ஹாலே கிடையாது. ஹால் இல்லாம ரெண்டு அறையும் நடையும் இருந்தா அது விடுதி. விடுதிக்கு வேற ஆணையம்." சொல்லிவிட்டு, எதிரே இருந்தவனின் முகத்தைப் பார்த்து இரங்கினார். "இல்லேன்னா ஒரு வழி இருக்கு. இரட்டைக் கட்டிலில் ஒற்றை உறக்கம் ஏன்னு விளக்க அறிக்கை கொடுக்கணும். கணவன் தனியா, மனைவி தனியா. வேற வேற கிழமையில."

"சேர்ந்தே வந்து சொல்லிடறோமே சார்?"

"சேர்ந்து வந்தா பேசி வச்சுக்குவீங்க. புருஷன் பெண்டாட்டி பேசிக்கிட்டா உண்மை வெளிய வராது."

செவ்வாய்க்கிழமை அவள் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "என்ன எழுதினே?" என்று கேட்டான். "கேட்டத எழுதினேன்" என்றாள். முடி இன்னும் ஈரமாக இருந்தது. நீச்சல்குளத்திலிருந்து நேராகப் போயிருக்கிறாள். வியாழக்கிழமை அவன் போனான். காரணம் என்ற இடத்தில் நோய், விருந்தினர், இடநெருக்கடி, மற்றவை என்று நாலு கட்டம் இருந்தது. மற்றவையில் 'குறட்டை' என்று எழுதினான். மேலும் விவரம் கேட்டதற்கு, 'மனைவி கேட்டுக்கொண்டபடி' என்று சேர்த்தான்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. 'இரு அறிக்கைகளும் முரண்படுகின்றன. மேலும், உறங்குபவரின் சொந்த ஒலி அலாரத்தின் ஒலியை மிஞ்சுமாயின் அலாரம் பயனற்றது. எனவே குறட்டை நேரில் அளக்கப்படும். வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு உறங்கத் தயாராக இருக்கவும்.'

அவன் கடையில் லீவு கேட்டான். "எதுக்கு?" என்றார் முதலாளி. "தூங்கறதுக்கு" என்றான். மெத்தைக்கடை என்பதால் அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

புதன்கிழமை பதினொன்றுக்கு அலுவலர் ஒலிமானியோடு வந்தார். மச்சானும் வந்து நடையில் ஏணிமேல் உட்கார்ந்துகொண்டான். அவள் காலை வகுப்பை முடித்து, கழுத்தில் விசிலோடு அப்படியே வந்திருந்தாள்.

அலுவலர் ஹால் நடுவில் நின்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். "பொதுமக்கள் எங்களத் தப்பா நினைக்கறாங்க. நாங்க உங்க தூக்கத்தக் கெடுக்க வரல. நீங்க சரியாத் தூங்கறீங்களான்னு பாக்கத்தான் இருக்கோம். எங்க பிரிவுல ஆளுக்கு ஆள் இதுக்குப் பயிற்சி எடுத்திருக்கோம். தினமும், மதியம் ரெண்டுலேருந்து மூணு வரைக்கும்." பிறகு அவனைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க" என்றார்.

அவன் சோபாவில் படுத்தான். முழங்காலை மடக்கினான். கண்ணை மூடினான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இவர் தூக்கம் வந்தாத்தான் குறட்டை விடுவார்" என்றாள் அவள்.

"வரும். வரணும். பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்." அலுவலர் ஒலிமானியைத் தூக்கிக்கொண்டார். "சத்தம் கட்டிலுக்கு எவ்வளவு வந்து சேருதுன்னுதான் அளக்கணும். நான் உள்ள இருக்கேன்."

கண்ணை மூடியபடியே மெத்தைக்காரனின் தொழில்புத்தி வேலை செய்தது. "சார், ஓரத்துல உக்காந்தா முதுகு வலிக்கும். கால நீட்டிக்கங்க. நம்ம கடை மெத்தைதான். கூச்சப்படாதீங்க."

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது. வீட்டில் ஆழ்ந்த, கம்பீரமான, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு குறட்டை எழுந்தது.

"அட, விட்டுட்டாரே மாமா!" என்றான் மச்சான்.

"நான் விடல மச்சான்" என்றான் அவன், கண்ணைத் திறந்து.

மூவரும் படுக்கையறை வாசலுக்குப் போனார்கள். கட்டிலின் வலப்பக்கத்தில், சுவரோரமாக, அலுவலர் காலை நீட்டி மல்லாந்திருந்தார். நெஞ்சின் மேல் ஒலிமானி ஏறி ஏறி இறங்கியது. மெத்தைக்காரன் அந்தத் தலையணையைப் பார்த்தான். அது அவனுடையது. ஓரத்தில் அவன் ஒரு தடவை சிந்திய டீயின் கறைகூட அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக அவன் கேட்கத் தயங்கிய இடத்தை, ஆணையம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?" என்றாள் அவள்.

"பாவம், தூங்கட்டும்." குரல் அவனுக்கே ஒரு மாதிரி கேட்டது. "நல்ல மெத்தை."

அப்போது நடையில் கருகல் வாசனை அடித்தது. "அய்யய்யோ, சாருக்குக் குடுக்கலாம்னு ரொட்டி வாட்டப் போட்டேனே!" என்று அவள் ஓடுவதற்குள் சமையலறை வாசல் டிடெக்டர் வீறிட்டது. அது வீறிட்டதும் நடை, ஹால், இஸ்திரி அறை, கட்டிலுக்கு மேலே இருந்தது எல்லாம் ஒரே மூச்சில் கத்தின. மச்சான் நின்ற இடத்திலேயே குதித்தான். முகத்தில் பெற்றவனின் பெருமை. "கேட்டீங்களா மாமா? ஒரு வினாடி பிசகல!"

அலுவலர் புரண்டு படுத்தார். அவ்வளவுதான்.

மெத்தைக்காரன் அவர் தோளைத் தட்டினான். குலுக்கினான். "சார், தீ! சார், அலாரம்!" என்று கத்தினான். பதினோரு வருஷம் அலாரமே கேட்டிராத காது அது, எதற்கும் அசையவில்லை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அவள், அவனை ஒதுக்கிவிட்டு, கழுத்தில் இருந்த விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினாள். ஆழமான பக்கம் போகும் பிள்ளையைக் கரைக்கு இழுக்கும் விசில் அது. அலுவலர் துள்ளி எழுந்து நின்றார்.

மச்சான் பட்டனை அழுத்தி அலாரத்தை நிறுத்தினான். அமைதியில் அலுவலர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒலிமானியைப் பார்த்தார்.

"எழுபத்தி ஒண்ணு. ஏற்கத்தக்க அளவு. குறட்டை பதிவாயிடுச்சு."

"சார், அது உங்க குறட்டை" என்றான் மச்சான்.

"பணி நேரத்தில் அலுவலரின் ஒலி பொது ஒலி. யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்." அவர் அவசரமாக ஃபைலைத் திறந்தார். சீக்கிரம் வெளியேறிவிட வேண்டும் என்ற ஆவல் தெரிந்தது. "குறைகள் இன்னும் ரெண்டுதான். படிச்சுடறேன், கையெழுத்துப் போடுங்க. ஒண்ணு, ஹாலுக்குக் கதவு இல்ல. ரெண்டு, மனைவியின் அறிக்கைப்படி..."

"சார், அத இப்ப எதுக்கு?" என்றாள் அவள்.

"படிக்கணும்மா, முறை." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மளிகைச் சீட்டு வாசிப்பது போல வாசித்தார். "'ஒரு நாள் மட்டும் ஹாலில் படுக்கச் சொன்னேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் படுத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு அங்கேதான் பிடித்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை.' இது முரண்பாடு. சரி, அத விடுங்க. குறை கீழதான் இருக்கு. 'படுக்கையறைக் கதவை மூடுகிறீர்களா என்ற கேள்விக்கு: இல்லை. திறந்து வைத்தே தூங்குகிறேன். காரணம்: கதவை மூடினால் அவர் குறட்டை கேட்பதில்லை. அது கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.'" கண்ணாடியைக் கழற்றினார். "விதி பதினாலு மீறல். ரெண்டு வருஷமா, தினமும்."

அவள் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்ற இடமில்லாமல் போன பிறகும் சுற்றினாள். மெத்தைக்காரனுக்கு, இரண்டு வருஷமாகத் தான் மெதுவாகக் குறட்டை விட முயன்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கவாட்டில் படுத்தது, மூக்கில் கிளிப் மாட்டியது, எல்லாம்.

"ஆக," என்றார் அலுவலர், பேனாவை நீட்டி, "ஒண்ணு, அம்மா கதவ மூடிக்கிட்டுத் தூங்கணும். ரெண்டு, ஹாலுக்குக் கதவு வைக்கணும். ரெண்டும் செய்யணும். வேற வழி விதியில இல்ல."

"மூணாவது ஒண்ணு இருக்கு சார்" என்றான் மச்சான். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தான்.

மெத்தைக்காரன் பேனாவை வாங்கவில்லை. அவள் திரும்பிப் படுக்கையறைக்குள் போய், அலுவலர் கசக்கிய போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது. அவன் வாசல்வரை போனான். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான்.

"என்னங்க?" என்றாள், திரும்பாமலே. குரலில் சிரிப்பு இருந்தது. "சார்ஜரா?"

"சார்ஜர் இல்ல." பின்னால் அலுவலர் ஃபைலை மூடும் சத்தம் கேட்டது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு நாளைக்கு இல்ல. எத்தனை நாள் வேணும்னாலும்... நான் உள்ள வந்து படுத்துக்கட்டுமா?"